ராணுவத்தின் ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்ஃபா கம்பெனி, பிராவோ கம்பெனி, சார்லி கம்பெனி என்று போர்க்கதைகளில் வரும் பெயர்கள் நமக்குப் பழக்கம். அதே பட்டாலியனில் எழுத்துப் பெயர் இல்லாமல் ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனி என்று ஒன்று இருக்கும். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இங்கே பேசலாம். காலாட்படையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முக்கிய எடுத்துக்காட்டு அமெரிக்க ராணுவம். பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் கதையும் வேண்டிய இடத்தில் வரும்.

ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனி என்றால் என்ன?

ஒரு பட்டாலியனில் நேரே போய்ச் சண்டையிடுவது ரைபிள் கம்பெனிகளின் வேலை. அவர்களுக்கு உத்தரவு போக வேண்டும், தோட்டா போக வேண்டும், சோறு போக வேண்டும், காயம்பட்டவர்கள் திரும்பி வர வேண்டும். எதிரி எங்கே என்று யாராவது முன்னால் போய்ப் பார்த்து வர வேண்டும். பட்டாலியன் தலைவர் உட்கார்ந்து யோசிக்க ஒரு கூடாரம், வரைபடம், ரேடியோ, காவல் எல்லாம் வேண்டும். இந்த வேலைகளுக்கான ஆட்களை எல்லாம் ஒரே கம்பெனியாகத் திரட்டி, அவர்களுக்கும் ஒரு கம்பெனி கமாண்டரைப் போட்டால் அதுதான் ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனி.

குமாஸ்தாக்கள் நிறைந்த இடம் என்று பலர் நினைக்கிறார்கள். குமாஸ்தாக்கள் உண்டுதான். ஆனால் பெரிய மோர்ட்டார்களை (குண்டை மேல்நோக்கி எறிந்து எதிரி மேல் விழவைக்கும் குழாய்களை) இயக்குபவர்களும், உளவு பார்க்கும் ஸ்கவுட்களும், ஸ்னைப்பர்களும் பல படைகளில் இதே கம்பெனியின் கணக்கில்தான் வருவார்கள்.

பட்டாலியன், கம்பெனி, பிளட்டூன்... கொஞ்சம் வரிசையாகச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். ஏறத்தாழ 30, 40 பேர் ஒரு பிளட்டூன். மூன்று, நான்கு பிளட்டூன்கள் ஒரு கம்பெனி. நான்கைந்து கம்பெனிகள் ஒரு பட்டாலியன், அதாவது 600 முதல் 900 பேர் வரை. சில பட்டாலியன்கள் சேர்ந்தால் பிரிகேடு, சில பிரிகேடுகள் சேர்ந்தால் டிவிஷன். கம்பெனிக்குக் கேப்டன் அல்லது மேஜர், பட்டாலியனுக்கு லெப்டினன்ட் கர்னல் அல்லது கர்னல். நாட்டுக்கு நாடு இது கொஞ்சம் மாறும்.

அமெரிக்கர்கள் ஏன் "ஹெட்குவார்ட்டர்ஸ் அண்ட் ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனி" என்று ஒன்றையே இரண்டு முறை சொல்கிறார்கள்?

இரண்டும் வேறு வேறு. முதலில் வருவது பட்டாலியன் தலைமையகம்: தளபதி, அவருக்கு அடுத்த அதிகாரி, திட்டமிடும் அதிகாரிகள். பின்னால் வருவது அவர்களுக்கு உதவியாக இருக்கும் கம்பெனி. ஆவணத்தில் இரண்டையும் ஒரே அலகாகக் கட்டி எச்.எச்.சி. என்கிறார்கள். பீரங்கிப் படையில் கம்பெனிக்குப் பதில் பேட்டரி, குதிரைப்படை மரபில் வந்த படைகளில் ட்ரூப்.

இப்படி ஒரு கம்பெனி இல்லாத காலத்தில் இந்த வேலைகளை யார் செய்தார்கள்?

ரைபிள் கம்பெனிகளிலிருந்து ஆள் பிடித்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு தன்னார்வ ரெஜிமெண்ட் (பல கம்பெனிகள் சேர்ந்த பெரிய அலகு) என்றால் பத்துக் கம்பெனிகள். அவற்றுக்கு மேலே கர்னல், அட்ஜுடன்ட் (நிர்வாக அதிகாரி), குவார்ட்டர் மாஸ்டர் (பொருள்களைக் கவனிக்கும் அதிகாரி), மருத்துவர், சார்ஜென்ட் மேஜர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு குழு. வண்டி ஓட்டவும், எழுதவும், மூட்டை தூக்கவும் ஆள் வேண்டுமா? கம்பெனியில் இருந்து நாலு பேரை அனுப்பு. அந்த நாலு பேரும் கம்பெனிப் பட்டியலில் இருப்பார்கள், ஆனால் அணிவகுப்பில் இருக்க மாட்டார்கள். நூறு பேர் என்று எழுதியிருக்கும் கம்பெனியில் துப்பாக்கி தூக்குபவர் எண்ணிக்கை எப்போதும் அதைவிடக் குறைவுதான்.

1914இல் பிரான்சுக்குப் போன பிரிட்டிஷ் பட்டாலியன்களிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். ஏட்டில் 1,007 பேர், நான்கு கம்பெனிகள். சிக்னல்காரர்கள், தச்சு வேலை தெரிந்த பயனியர்கள், சமையல்காரர்கள், இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளை இயக்கும் சிறு குழுவான செக்‌ஷன் எல்லாம் பட்டாலியன் தலைமையகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்களில் 16 பேர் போர் தொடங்கியதும் வாத்தியத்தை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போய்விடுவார்கள்.

அப்புறம் எப்போது தனிக் கம்பெனியாக ஆனது?

நாட்டுக்கு நாடு வேறு. பிரெஞ்சுக்காரர்கள் இதில் முன்னோடிகள். "வரிசைக்கு வெளியே உள்ள கம்பெனி" என்று பொருள்படும் ஒரு கம்பெனி அவர்களுடைய ரெஜிமெண்டுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. தையற்காரர், செருப்பு தைப்பவர், துப்பாக்கி பழுது பார்ப்பவர் எல்லாம் அதில். முதல் உலகப் போரில் தொலைபேசிக்காரர்களும் பயனியர்களும் வாத்தியக்காரர்களும் அதே கம்பெனியில் இருந்தார்கள்.

அமெரிக்காவில் 1916 ஜூன் 3 அன்று வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம்தான் திருப்புமுனை. ஒவ்வொரு காலாட்படை ரெஜிமெண்டுக்கும் பன்னிரண்டு காலாட்படைக் கம்பெனிகள், ஓர் இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனி, ஒரு சப்ளை கம்பெனி, ஒரு ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனி என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இனிமேல் ஆள் பிடிக்கிற வேலை இல்லை. அதற்கென்றே சம்பளப் பட்டியல், அதற்கென்றே அதிகாரி. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையே பட்டாலியன் மட்டத்துக்கும் இந்த ஏற்பாடு வந்து சேர்ந்தது.

பிரிட்டனில் முதல் உலகப் போருக்குப் பிறகு ஹெட்குவார்ட்டர் விங் என்று தொடங்கி, இரண்டாம் உலகப் போர் வருவதற்குள் ஹெட்குவார்ட்டர் கம்பெனி ஆகிவிட்டது.

1917இல் பிரான்சுக்குப் போன அமெரிக்க ரெஜிமெண்டில் இந்தக் கம்பெனி எப்படி இருந்தது?

ஒரு விசித்திரமான கலவை. ரெஜிமெண்டில் 3,800 பேர் அளவுக்கு இருந்தார்கள். அதில் ஏறத்தாழ 300 பேர் ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனி. எழுத்தர்கள், குதிரையேறித் தகவல் கொண்டுபோகிறவர்கள், வாத்தியக் குழு இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கூடவே தொலைபேசிக் கம்பி இழுக்கும் சிக்னல் பிளட்டூன், பதுங்குகுழி வேலை தெரிந்த பயனியர் பிளட்டூன். அதோடு நிற்கவில்லை. மூன்று 37 மில்லிமீட்டர் சிறு பீரங்கிகளும் ஆறு ஸ்டோக்ஸ் மோர்ட்டார்களும் இதே கம்பெனியின் கையில்தான் இருந்தன. டிராம்போன் ஊதுகிறவரும் மோர்ட்டார் குண்டு போடுகிறவரும் ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கினார்கள்.

மோர்ட்டாரும் பீரங்கியும் தலைமையகத்தில் எதற்கு?

இந்தக் கம்பெனியின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் சுவாரசியமான கேள்வி இதுதான்.

புதிதாக ஓர் ஆயுதம் வரும்போது அது எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். ஒரு பட்டாலியனுக்கு இரண்டோ நான்கோதான் கிடைக்கும். எல்லா ரைபிள் கம்பெனிக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது. எங்கே, எப்போது பயன்படுத்துவது என்பதைப் பட்டாலியன் தளபதியே முடிவு செய்ய விரும்புவார். ஆகவே அது அவருடைய கைக்கு எட்டும் இடத்தில், தலைமையகக் கம்பெனியில், வந்து உட்காரும். எண்ணிக்கை கூடி, அதற்கென்று ஒரு முறையும் பயிற்சியும் வந்த பிறகு வெளியே போகும். கூட்டுக் குடும்பத்தில் சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளை தனிக்குடித்தனம் போகிற மாதிரி.

பிரிட்டிஷ் பட்டாலியனில் இது பளிச்சென்று தெரியும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அவர்களுடைய ஹெட்குவார்ட்டர் கம்பெனியில் ஆறு பிளட்டூன்கள்: சிக்னல், விமான எதிர்ப்பு, மூன்று அங்குல மோர்ட்டார், பிரென் கேரியர் என்ற சிறு கவச வண்டிகள், பயனியர், கடைசியாக நிர்வாகம். ஒரே கமாண்டர் இத்தனை வேறுபட்ட பிளட்டூன்களைக் கட்டி மேய்க்க வேண்டும். 1943இல் இதை உடைத்தார்கள். மோர்ட்டார், கேரியர், பயனியர் மூன்றையும் எடுத்து, ஆறு பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளையும் சேர்த்து சப்போர்ட் கம்பெனி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். ஹெட்குவார்ட்டர் கம்பெனியில் மிஞ்சியது சிக்னலும் நிர்வாகமும்தான். இன்றைக்கும் பிரிட்டிஷ் மரபில் வந்த படைகளில் சப்போர்ட் கம்பெனி தனியாக இருப்பதற்கு அந்தப் பிரிவினைதான் மூலம்.

அமெரிக்கர்கள் இதே காரியத்தைப் போவதும் வருவதுமாகச் செய்தார்கள். வியட்நாம் போரின்போது பல பட்டாலியன்களில் மோர்ட்டாரும் ஸ்கவுட்டும் எச்.எச்.சி.யிலிருந்து பிரிந்து "ஈ" கம்பெனிக்குப் போயின. பிறகு மறுபடியும் எச்.எச்.சி.க்கே திரும்பின. 2000களில் பிரிகேடுகளைப் புதிதாக அமைத்தபோது சமையல்காரர்கள், மெக்கானிக்குகள், எரிபொருள் லாரிகள் எல்லாம் பட்டாலியனுக்கு வெளியே உள்ள ஒரு சப்ளை பட்டாலியனின் கணக்குக்கு மாறின. அங்கிருந்து ஒரு கம்பெனி ஒவ்வொரு பட்டாலியனோடும் வந்து இணையும். ஆக, இந்தக் கம்பெனிக்கு நிரந்தர உருவம் என்று ஒன்றும் கிடையாது. அந்தந்தக் காலத்தில் வேறு எங்கும் வைக்க முடியாத எல்லாம் இங்கே வந்து சேரும்.

எஸ்-1, எஸ்-2 என்கிறார்களே, அது என்ன?

பட்டாலியன் தலைமையகத்தின் மேசைகள். எஸ்-1 ஆட்கள், எஸ்-2 எதிரி பற்றிய தகவல், எஸ்-3 நடவடிக்கையும் பயிற்சியும், எஸ்-4 சப்ளை, எஸ்-6 தகவல் தொடர்பு. முதல் உலகப் போரில் பெர்ஷிங் பிரான்சில் அமெரிக்கப் படையை நடத்தியபோது பிரெஞ்சு முறையைப் பார்த்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. மேல்மட்டத் தலைமையகங்களில் இதையே ஜி-1, ஜி-2 என்பார்கள். இவற்றில் எஸ்-3 மேசைக்குத்தான் மவுசு அதிகம். எஸ்-4 மேசையை அன்றைக்குச் சோறு வராவிட்டால்தான் நினைப்பார்கள்.

இந்தக் கம்பெனியின் கமாண்டர் கேப்டன் என்றால், அவருடைய பட்டியலில் உள்ள மேஜர்களுக்கும் லெப்டினன்ட் கர்னலுக்கும் அவர் எப்படித் தலைவர்?

நல்ல கேள்வி. அமெரிக்க எச்.எச்.சி.யில் பட்டாலியன் தளபதியே அந்தக் கம்பெனியின் பட்டியலில்தான் இருப்பார். இரண்டு மேஜர்களும் அப்படியே. போர்த் திட்டத்தில் அவர்கள் சொல்வதைக் கேப்டன் கேட்க வேண்டும். ஆனால் துப்பாக்கி எண்ணைச் சரிபார்ப்பது, உடல்தகுதிச் சோதனை, தடுப்பூசி, துப்பாக்கி சுடும் தேர்வு என்று வந்தால் அவர்களுடைய பெயரும் கேப்டனின் பட்டியலில் இருக்கும். "சார், உங்களுக்கு மட்டும்தான் இன்னும் பாக்கி" என்று தன் மேலதிகாரியிடம் போய்ப் பதவிசாகச் சொல்ல வேண்டிய நிலைமை. ஒரு மேஜரைத் தண்டிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது; பட்டியலை மேலே அனுப்பலாம், அவ்வளவுதான்.

இதனால்தானோ என்னவோ, முதல்முறை கமாண்டராகும் இளைஞரைப் பெரும்பாலும் இங்கே போடுவதில்லை. ரைபிள் கம்பெனியை நன்றாக நடத்திய கேப்டனுக்கு இரண்டாவது பொறுப்பாக எச்.எச்.சி.யைக் கொடுப்பது அமெரிக்க ராணுவத்தில் அடிக்கடி நடக்கிறது. இங்கே கட்டளையைவிடச் சமாளிப்புதான் அதிகம் வேண்டும்.

இவர்கள் நிஜமாகவே சண்டை போட்டிருக்கிறார்களா?

1944 டிசம்பர் 16. பெல்ஜியத்தில் லான்செராட் என்ற சிறு கிராமம். அதற்கு மேலே உள்ள மேட்டில் அமெரிக்க 99ஆவது டிவிஷனின் 394ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த 18 பேர் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். உளவு பார்ப்பதற்கான பிளட்டூன் அது. ரெஜிமெண்டின் ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனியைச் சேர்ந்தது. முன்னணியில் நின்று நிலம் காப்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலையே அல்ல. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான் வேலை. தலைவர் லெப்டினன்ட் லைல் பக், வயது 20.

அன்று விடியற்காலையில் ஹிட்லரின் கடைசிப் பெரிய தாக்குதல் தொடங்கியது. பல்ஜ் போர் என்று பிறகு பெயர் பெற்றது. லான்செராட் வழியாகப் போகும் சாலை ஜெர்மானியர்களுக்கு அவசியம் தேவைப்பட்டது. ஏறத்தாழ 500 பாராசூட் வீரர்கள் பனி மூடிய வெட்டவெளியில் ஏறி வந்தார்கள். நடுவில் ஒரு வயல்வேலி குறுக்கே இருந்தது. அதைத் தாண்டும் இடத்தில் விழுந்தார்கள். மறுபடியும் வந்தார்கள், மறுபடியும் விழுந்தார்கள். பக் பீரங்கி ஆதரவு கேட்டார், வரவில்லை. இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொள் என்று மட்டும் பதில் வந்தது. கூடவே இருந்த நான்கு பீரங்கிக் கண்காணிப்பாளர்களில் ஒருவர் உயிரிழந்தார். பிளட்டூனில் பெரும்பாலோருக்குக் காயம். நண்பகலில் வெள்ளைக்கொடி காட்டிக் காயம்பட்டவர்களை எடுத்துப்போக ஜெர்மானியர்கள் அனுமதி கேட்டார்கள், பக் கொடுத்தார்.

மாலை மங்கும்போது தோட்டா தீர்ந்தது, பிடிபட்டார்கள். கிராமத்து ஓட்டல் ஒன்றில் அவர்களை அடைத்துவைத்திருந்தபோது நள்ளிரவு தாண்டியது. லைல் பக்கின் 21ஆவது பிறந்தநாள் அங்கேதான் பிறந்தது. அந்தச் சாலையில் வேகமாகப் போக வேண்டிய எஸ்.எஸ். டாங்கிப் படையும் அந்த ஒரு நாளை இழந்தது. பெரிய தாக்குதலின் முதல் நாளை இழப்பது சாதாரணமல்ல.

இவ்வளவு நடந்தும் உடனே யாரும் இதைக் கொண்டாடவில்லை. அத்தனை பேரும் போர்க்கைதிகள். நடந்ததை எழுதி மேலே அனுப்ப ஆள் இல்லை. 1981இல்தான் பிளட்டூனின் 18 பேருக்கும் விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் போரின் கணக்கில் ஒரு பிளட்டூனுக்கு அவ்வளவு விருது என்பது அபூர்வம்.

இன்னொன்றும் சொல்லலாம். நார்மண்டியில் குதித்த 506ஆவது பாராசூட் ரெஜிமெண்டின் ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனியில் பாலங்களைத் தகர்க்கும் ஒரு செக்‌ஷன் இருந்தது. தலைவர் ஜேக் மெக்னீஸ். தலையின் நடுவில் மட்டும் முடி விட்டு, முகத்தில் போர்ச்சாயம் பூசிக்கொண்டு விமானம் ஏறிய அவர்களுடைய புகைப்படம் மிகப் பிரபலம். ஒழுங்குக்கும் அவர்களுக்கும் வெகு தூரம். டூவ் ஆற்றுப் பாலங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்.

எதிரி தலைமையகத்துக்கே வந்துவிட்டால்?

எழுத்தரும் துப்பாக்கி எடுக்க வேண்டியதுதான். இதற்கு இந்தியப் படையின் வரலாற்றிலேயே ஒரு பெரிய சம்பவம் இருக்கிறது.

1944 பிப்ரவரி, பர்மாவின் அரக்கான் பகுதி. ஜப்பானியர்கள் காட்டு வழியாகச் சுற்றி வந்து, பிப்ரவரி 6 காலையில் ஏழாவது இந்திய டிவிஷனின் தலைமையகத்தின் மேலேயே பாய்ந்தார்கள். சிக்னல்காரர்களும் அலுவலக ஆட்களும் கையில் கிடைத்த ஆயுதத்தோடு சண்டையிட்டார்கள். ரகசியக் குறியீட்டுத் தாள்களை அழித்தார்கள், ரேடியோக்களை உடைத்தார்கள். பிறகு சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து காட்டுக்குள் நுழைந்து, பல மைல் நடந்து, சின்ஸ்வேயா என்ற இடத்தில் இருந்த நிர்வாகப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த இடம் சண்டைக்காகத் தேர்ந்தெடுத்த இடமே இல்லை. சுற்றிலும் குன்றுகள், நடுவில் வயல்வெளி, அதில் வெடிமருந்துக் குவியல், எரிபொருள், கோவேறு கழுதைகள், மருத்துவமனை. பரப்பளவு ஒரு சதுர மைலுக்கும் குறைவு. வெஸ்ட் யார்க்ஷயர் பட்டாலியனும் 25ஆவது டிராகூன் டாங்கிகளும் இருந்தன. மற்றபடி எல்லையைக் காத்தவர்களில் குமாஸ்தாக்கள், கழுதை ஓட்டிகள், பண்டகசாலைக்காரர்கள் எல்லாம் உண்டு. ஜப்பானியர்கள் மருத்துவப் பகுதிக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் கொன்றார்கள். ஆனாலும் வளையம் உடையவில்லை. டகோட்டா விமானங்கள் மேலிருந்து அரிசியும் தோட்டாவும் போட்டன. பிப்ரவரி கடைசி வாரத்தில் முற்றுகை முடிந்தது. பர்மாவில் ஜப்பானியரின் பெரிய தாக்குதல் ஒன்று நின்று முறியடிக்கப்பட்டது அப்போதுதான் முதல்முறை. அட்மின் பாக்ஸ் போர் என்பது இதற்குப் பெயர்.

அந்த டிவிஷனின் தளபதி ஃபிராங்க் மெசர்வி. பாவம், அவருக்கு இது இரண்டாவது முறை. 1942 மே மாதம் லிபியாவில் அவருடைய ஏழாவது கவச டிவிஷன் தலைமையகத்தை ஜெர்மானியர்கள் பிடித்தபோது, பதவிச் சின்னங்களைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சாதாரண சிப்பாய் என்று நடித்துத் தப்பித்தவர் அவர். 1947இல் பாகிஸ்தான் ராணுவத்தின் முதல் தலைமைத் தளபதியானவரும் இதே மெசர்விதான்.

இந்திய ராணுவத்தின் பட்டாலியனில் இன்று இது எப்படி இருக்கிறது?

பொதுவான அமைப்பு: நான்கு ரைபிள் கம்பெனிகள், ஒரு சப்போர்ட் கம்பெனி, ஒரு ஹெட்குவார்ட்டர் கம்பெனி. 1943இல் பிரிட்டிஷ் படை செய்த பிரிவினையின் தடம் இதில் தெரியும். மோர்ட்டாரும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும் சப்போர்ட் கம்பெனி பக்கம். சிக்னலும் நிர்வாகமும் ஹெட்குவார்ட்டர் பக்கம்.

அமெரிக்கப் படையில் இல்லாத ஒருவர் இங்கே உண்டு: சுபேதார் மேஜர். பட்டாலியனுக்கு ஒருவர்தான். ஜே.சி.ஓ.க்களில் (சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடைப்பட்ட பதவியில் இருப்பவர்களில்) மூத்தவர், ஜவான்களின் மனநிலையைத் தளபதிக்கு நேரே சொல்லக்கூடியவர். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்திருப்பார். லங்கரில், அதாவது சமையற்கூடத்தில், பருப்பு சரியில்லை என்பதிலிருந்து ஊரில் ஒரு ஜவானின் நிலத்தகராறு வரைக்கும் அவர் காதுக்கு வரும். அப்புறம் குவார்ட்டர் மாஸ்டர், அட்ஜுடன்ட், பட்டாலியன் மருத்துவர், மதப் போதகர். மதப் போதகரும் ஜே.சி.ஓ. பதவியில் இருப்பவர்தான், படையில் இருப்பவர்களின் மதத்தைப் பொறுத்துப் பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என்று மாறும்.

வண்டிகளையும் சாமான்களையும் போர்க்களத்தில் மூன்றாகப் பிரிப்பது பிரிட்டிஷ் மரபு. சண்டைக்கு உடனே வேண்டியது எஃப் எஷலான், கொஞ்சம் பின்னால் ஏ எஷலான், இன்னும் பின்னால் பாதுகாப்பான இடத்தில் பி எஷலான். மலைப்பகுதியில் சாலை முடிகிற இடத்தில் வண்டியும் முடிந்துவிடும். அதற்கு மேலே கோவேறு கழுதை, சுமைதூக்கிகள், கடைசியில் ஜவானின் முதுகு. கார்கில் போன்ற இடங்களில் தண்ணீரும் தோட்டாவும் மேலே போனது இப்படித்தான்.

அக்னிவீர் டிரேட்ஸ்மேன் என்று ஆள் எடுக்கிறார்களே, அவர்கள் இந்தக் கம்பெனியில்தான் இருப்பார்களா?

சமையல், சலவை, முடிதிருத்தம், மெஸ் வேலை போன்றவற்றுக்கு எடுக்கப்படுபவர்கள் அவர்கள். பட்டாலியனில் சேர்ந்தால் நிர்வாக வேலையை ஒட்டியே அவர்களுடைய அன்றாடம் இருக்கும். ஆனால் அவர்கள் சமையல்காரர்களாகவோ சலவைக்காரர்களாகவோ மட்டும் இருக்கப் போவதில்லை. ரைபிள் கம்பெனி ஒரு சிகரத்திலோ காவல்சாவடியிலோ மாதக்கணக்கில் இருந்தால், கூடவே ஒரு சமையல்காரரும் அங்கே இருப்பார். ராணுவப் பயிற்சியும் ஆயுதப் பயிற்சியும் அவர்களுக்கும் உண்டு. சேர்வதற்கு முன் "சும்மா சமையல் வேலைதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரைபிள் கம்பெனிக்காரர்கள் இவர்களைக் கேலி செய்வது உண்மையா?

உண்மை. எல்லா ராணுவத்திலும் உண்டு. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் முகாமை விட்டு வெளியே போகாதவர்களுக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் ஃபாபிட் என்று பெயர் வைத்தார்கள். முன்னால் இருப்பவனுக்குத் தனக்குப் பின்னால் நூறு கஜத்தில் இருப்பவனும் சுகவாசிதான். அந்த நூறு கஜத்தில் இருப்பவனுக்குப் பிரிகேடு தலைமையகத்தில் இருப்பவன் சுகவாசி. இப்படியே டெல்லி வரைக்கும், வாஷிங்டன் வரைக்கும் போகும்.

ஆனால் கேலிக்கு விதிவிலக்கான இரண்டு பேர் உண்டு. ஒருவர் மெடிக். அமெரிக்க எச்.எச்.சி.யின் மருத்துவ பிளட்டூனிலிருந்து ரைபிள் பிளட்டூனுக்கு ஒருவர் வீதம் போய்ச் சேர்ந்துவிடுவார். ஏட்டில் ஹெட்குவார்ட்டர்ஸ், வாழ்வதும் சாவதும் ரைபிள் பிளட்டூனோடு. அவரைக் கேலி செய்தால் அந்த பிளட்டூனே அடிக்க வரும். இன்னொருவர், பழைய போர்களில், தொலைபேசிக் கம்பி இழுக்கிறவர். குண்டு விழுந்து கம்பி அறுந்தால், அதே குண்டு விழும் இடத்துக்குத் தவழ்ந்து போய் ஒட்டுப்போட வேண்டும். எல்லோரும் குழிக்குள் இறங்கும் நேரத்தில் அவர் மட்டும் வெளியே கிளம்புவார்.

பெண்கள் காலாட்படைக்குள் வந்ததற்கும் இந்தக் கம்பெனிக்கும் தொடர்பு உண்டா?

அமெரிக்காவில் உண்டு. 1994 முதல் இருந்த விதிப்படி, நேரடித் தரைப் போருக்கான படைகளில் பிரிகேடுக்குக் கீழே பெண்களை நியமிக்கக் கூடாது. பிரிகேடு தலைமையகத்தில் இருக்கலாம், அதன் கீழே உள்ள பட்டாலியனில் கூடாது. 2012இல் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. பட்டாலியன் மட்டத்துப் பணியிடங்கள் சில பெண்களுக்குக் கிடைத்தன. 2013 ஜனவரியில் விதியையே நீக்கினார்கள். 2016 தொடக்கம் முதல் எல்லாப் பணிகளும் திறந்தன. ரைபிள் கம்பெனிக்குப் போவதற்கு முன் தலைமையகத்துப் பணியிடங்கள்தான் முதல் படி.

பிரிகேடு, டிவிஷன் தலைமையகங்களுக்கும் இப்படி உண்டா?

உண்டு. மேலே போகப் போகப் பெரிதாகும். இன்றைய அமெரிக்க டிவிஷனில் அது கம்பெனி என்ற அளவைத் தாண்டி ஒரு பட்டாலியனாகவே ஆகிவிட்டது. பிரிட்டிஷ் மரபில் டிவிஷன் தலைமையகத்தைக் காக்க ஒரு சிறு தற்காப்பு பிளட்டூன் இருக்கும்.

பிரிகேடு மட்டத்தில் தளபதியின் மெய்க்காவல் குழுவும் இந்தக் கம்பெனியின் பொறுப்புதான். 2012 ஆகஸ்ட் 8 அன்று ஆப்கானிஸ்தானின் அசதாபாத் நகரில் மாகாண ஆளுநரின் அலுவலகத்துக்கு அமெரிக்க, ஆப்கன் அதிகாரிகள் சிலர் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். காவலுக்குத் தலைமை தாங்கியவர் கேப்டன் ஃப்ளோரன்ட் குரோபெர்க். நான்காவது பிரிகேடின் ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனியைச் சேர்ந்தவர். ஒரு தற்கொலைப் படையாள் பின்னோக்கி நடந்து வருவதைக் கவனித்து, பாய்ந்து போய் அவனை அதிகாரிகளிடமிருந்து தள்ளிக்கொண்டே போனார். குண்டு வெடித்தது. இரண்டாவது ஒருவனிடம் இருந்த குண்டும் உரிய இடம் சேராமலே வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள், குரோபெர்க்கின் கால் சிதைந்தது. 2015இல் அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்குக் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின் "பேய்ப்படை" கூட ஒரு தலைமையகப் பிரிவு என்கிறார்களே?

பெயரளவில் ஆமாம். 23ஆவது ஹெட்குவார்ட்டர்ஸ் ஸ்பெஷல் ட்ரூப்ஸ் என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். கேட்டால் தூக்கம் வரும். உள்ளே இருந்தவர்கள் ஓவியர்கள், ஒலிப்பதிவுக்காரர்கள், ரேடியோவில் போலிச் செய்தி அனுப்புகிறவர்கள். ஏறத்தாழ 1,100 பேர். காற்றடைத்த ரப்பர் டாங்கிகளை வயலில் நிறுத்தி, ஒலிபெருக்கியில் டாங்கி ஓடும் சத்தத்தைப் போட்டு, ஒரு பெரிய படை வந்து இறங்கியதாக ஜெர்மானியரை நம்பவைப்பதுதான் அவர்களுடைய தொழில். 1944 ஜனவரியில் தொடங்கிய இந்தப் பிரிவின் கதை பல பத்தாண்டுகள் ரகசியமாகவே இருந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தபோது, உயிரோடு இருந்தவர்கள் வெகு சிலரே.

ட்ரோன் காலத்தில் இந்தக் கம்பெனி தாக்குப்பிடிக்குமா?

பழைய வடிவில் கஷ்டம். பட்டாலியன் தலைமையகம் என்றால் ஒரு பெரிய கூடாரம், நாலு ஜெனரேட்டர், ஏகப்பட்ட ஆண்டெனா, வரிசையாக வண்டிகள் என்று ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பழகிவிட்டார்கள். அந்த எதிரிகளிடம் விமானமோ தொலைதூர ராக்கெட்டோ இல்லை. உக்ரைன் போரில் அந்த வசதி போயிற்று. 2022இல் கெர்சன் அருகே உள்ள சோர்னோபாயிவ்கா விமானத்தளத்தில் ரஷ்யர்கள் கட்டளை மையம் அமைத்தார்கள். உக்ரைன் அதைத் திரும்பத் திரும்ப அடித்தது. ரேடியோ அலை எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க இன்று அதிக நேரம் ஆவதில்லை. ஆண்டெனாக்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அங்கே ஒரு பெரிய அதிகாரி இருக்கிறார் என்று பொருள்.

அதனால் இப்போது தலைமையகத்தைச் சிறிதாக்கி, பல இடங்களில் சிதறவைத்து, ஆண்டெனாவை ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி நட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றப் பழகுகிறார்கள். கட்டிடங்களின் அடித்தளத்துக்குள் போகிறார்கள். இந்த மூட்டைகளை எல்லாம் கட்டுவதும் அவிழ்ப்பதும் ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனியின் தலையில்தான் விழுகிறது.

கூடவே பழைய வழக்கமும் தொடர்கிறது. சிறு ட்ரோன்கள் ராணுவங்களுக்குள் வரத் தொடங்கியபோது பல பட்டாலியன்களில் அவற்றை முதலில் எங்கே வைத்தார்கள்? எஸ்-2 மேசைக்கும் ஸ்கவுட் பிளட்டூனுக்கும் பக்கத்தில், அதாவது இந்தக் கம்பெனியில்தான். இப்போது சில படைகள் அவற்றைத் தனி பிளட்டூனாகவும் தனிக் கம்பெனியாகவும் பிரித்துக் கொண்டிருக்கின்றன.